முன்கதவுச் சலவை இயந்திரம்: எந்தத் துணிக்கு எந்த ஓட்டம்?

மொரீஷியஸில் பல வீடுகளின் பின்கட்டில் துவைகல் இன்னும் கிடக்கிறது. கிரியோலில் அதை ரோஸ் லாவே என்கிறோம். அந்தக் கல்லில் குத்தித் துவைத்துப் பழகியவர்களும், மேல்மூடி இயந்திரத்திலிருந்து மாறியவர்களும், முன்கதவு இயந்திரம் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: இதற்கு ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது? பருத்தி ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் 2 மணி நேரத்துக்கும் மேல் காட்டுகிறது, ஈகோ 40-60 என்பதைத் தேர்ந்தெடுத்தால் 3 மணி நேரத்தைத் தாண்டுகிறது. மின்கட்டணம் ஏறிவிடுமே என்று அஞ்சி எல்லாரும் 15 அல்லது 30 நிமிட விரைவு ஓட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏறக்குறைய ஓராண்டு ஓட்டினேன். துண்டுகளில் புளிப்பு வாடை ஏறி, வெள்ளை வேட்டிகள் சாம்பல் நிறத்துக்கு இறங்கிய பிறகே இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன்.

அழுக்கு போவதற்கு நான்கு காரணங்கள் சேர வேண்டும் என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். சலவைப் பொருள், வெப்பம், துணியின் மீது விழும் அடி அல்லது உராய்வு, நேரம் ஆகிய நான்கே அவை. இவற்றில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். துவைகல்லில் நம் பாட்டிமார் கூட்டியது அடியை. முன்கதவு இயந்திரம் துணியைத் தூக்கித் தூக்கி நீரில் போடுகிறதே தவிர, கல்லைப் போல அறைவதில்லை; தண்ணீரும் உருளையின் அடிப்பகுதியில் மட்டுமே நிற்கிறது. 7 அல்லது 8 கிலோ கொள்ளும் இயந்திரம் ஒரு முழு ஓட்டத்துக்கு, அலசல்களையும் சேர்த்து, சுமார் 50 லிட்டர் நீரையே எடுத்துக்கொள்கிறது. இப்படி நீரையும் அடியையும் குறைத்ததற்கு ஈடாகத்தான் நேரத்தைக் கேட்கிறது. ஆகவே நீண்ட ஓட்டத்தை வீண் செலவு என்று எண்ண வேண்டியதில்லை. மின்சாரத்தை அதிகம் தின்பது வெந்நீர் காய்ச்சும் கம்பிதான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். துவைக்கும் கட்டத்தில் இயந்திரம் 15 லிட்டர் நீரைச் சூடாக்குகிறது என்றும், குழாய் நீர் 25 டிகிரியில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதை 40 டிகிரிக்கு ஏற்ற கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் போதும். 60 டிகிரிக்கு ஏற்ற 0.6 யூனிட் வேண்டும். உருளை சுழல்வதற்கும் பம்ப் ஓடுவதற்கும் ஆகும் செலவு இதற்குப் பக்கத்தில் சிறியது. ஈகோ ஓட்டம் 3 மணி நேரம் ஓடியும் குறைவாகச் செலவழிப்பதன் இரகசியம், அது நீரை அதிகம் சூடாக்காமல் துணியை நெடுநேரம் ஊறவைத்துப் புரட்டுவதில் இருக்கிறது.

முதல் ஓட்டத்துக்கு முன்

இயந்திரத்தின் பின்புறத்தில் 3 அல்லது 4 நீண்ட திருகாணிகள் உருளையை இறுக்கிப் பிடித்திருக்கும். வண்டியில் வரும்போது உருளை ஆடாமல் இருக்கப் போட்டவை அவை. அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் பிழியும் கட்டத்தில் இயந்திரம் தரையில் நடக்கத் தொடங்கும். உள்ளே உடையவும் கூடும். கழற்றியவற்றைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், வீடு மாறும்போது தேவைப்படும். அதன் பிறகு நான்கு கால்களையும் திருகி, இயந்திரம் எந்த மூலையிலும் ஆடாதபடி மட்டம் பார்த்து, கால்களின் பூட்டு மரைகளை இறுக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட வராந்தாத் தரையில் இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் பொறுமையாகச் செய்வது நல்லது.

மின்சாரத்தில் ஒரே எச்சரிக்கைதான். நீரைச் சூடாக்கும் வேளையில் இயந்திரம் சுமார் 2000 வாட் இழுக்கும். நம் வீடுகளில் ஆங்கிலேய மூன்று முனைச் செருகியும் பிரெஞ்சு வட்டச் செருகியும் கலந்து புழங்குவதால், இடையில் ஒரு மாற்றுச் செருகியையோ பல துளைப் பலகையையோ போட்டுச் சமாளிக்கும் வழக்கம் உண்டு. தொலைபேசிக்கு மின்னேற்ற அது போதும். சலவை இயந்திரத்துக்கு உருகிப் போகும். நிலத்தொடர்பு உள்ள தனிச் செருகுவாய் ஒன்றை மின்பணியாளரைக் கொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் இந்தத் தீவில் பெரிய விஷயம். வறண்ட மாதங்களில் பல ஊர்களுக்குக் குழாய் நீர் குறிப்பிட்ட மணி நேரங்களுக்கு மட்டுமே வருகிறது என்பதால், மொட்டைமாடித் தொட்டியில் நிரப்பி வைத்துக்கொள்கிறோம். அந்தத் தொட்டியிலிருந்து நேராக இயந்திரத்துக்குக் குழாய் கொடுக்கும்போது அழுத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார். பல இயந்திரங்கள் 0.3 முதல் 0.5 பார் வரையாவது கேட்கும். உங்களுடையது கேட்பது எவ்வளவு என்று கையேட்டில் எழுதியிருக்கும். குறைந்தால் நீர் நிரம்ப நேரமாகி, நடுவில் பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடும். தொட்டியை ஒரு மேடை மீது ஏற்றுவதோ சிறிய அழுத்தப் பம்ப் வைப்பதோதான் தீர்வு. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பழுதுபார்ப்பவரை அழைத்துப் பணம் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

தண்ணீர் நின்று திரும்ப வரும்போதும், பெருமழைக்குப் பிறகும், குழாயில் முதலில் வருவது செந்நிற வண்டல். அந்த நீரை இயந்திரத்துக்குள் விடாதீர்கள். பக்கத்துக் குழாயைத் திறந்து ஒரு வாளி ஓடவிட்டு, தெளிந்த பிறகு தொடங்குங்கள். இயந்திரத்தின் பின்னால் நீர்க்குழாய் இணையும் இடத்தில் ஒரு சிறு வலை வடிகட்டி இருக்கிறது. 3 மாதத்துக்கு ஒரு முறை குழாயை மூடிவிட்டு அதைக் குறட்டால் இழுத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும்.

பலகையைப் படித்தல்

இங்கே விற்கும் இயந்திரங்கள் சிலவற்றின் பலகையில் பிரெஞ்சு மட்டுமே இருக்கும். கொத்தோன் என்பது பருத்தி, சேந்தெத்திக் என்பது செயற்கை இழை, லேன் என்பது கம்பளி, தெலிகா என்பது மென்துணி. ரேன்சாழ் என்றால் அலசல், எசோராழ் என்றால் பிழிதல், விதாஞ்ழ் என்றால் நீரை வெளியேற்றுவது மட்டும். ரப்பீத் என்பதுதான் நாம் எல்லாரும் மயங்கி விழும் விரைவு ஓட்டம்.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கொள்ளளவு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 8 கிலோ இயந்திரம் என்று முகப்பில் ஒட்டியிருப்பது பருத்தி ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். செயற்கை இழை ஓட்டத்தில் அதில் பாதி, அதாவது 4 கிலோவுக்குள் போட வேண்டும். கம்பளி, மென்துணி, விரைவு ஓட்டம் மூன்றுக்கும் பெரும்பாலும் 2 கிலோவே எல்லை. 2 கிலோ என்பது நான்கைந்து சட்டைகளும் ஒரு காற்சட்டையும். அலுவலகத்துக்கு ஒரு நாள் அணிந்து வியர்வை மட்டும் பட்ட சட்டைகளை 30 நிமிட ஓட்டத்தில் போடலாம். அதே ஓட்டத்தில் உருளை நிறையச் சமையலறைத் துணிகளைத் திணித்தால், வெளியே வருவது நனைந்த அழுக்குத் துணியே.

பருத்தி ஓட்டத்துக்கு அளவு பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. துணிகளைத் தளர்வாகப் போட்ட பின், அவற்றின் மேற்பரப்புக்கும் உருளையின் கூரைக்கும் இடையில் உங்கள் உள்ளங்கை நிமிர்ந்து நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் துணி தூக்கிப் போடப்படாமல் ஒரே கட்டியாகச் சுற்றும். மிகக் குறைவாகப் போடுவதும் தவறே. ஒரு கனத்த போர்வையை மட்டும் தனியாகப் போட்டால் அது ஒரு பக்கமாக ஒதுங்கி, சமநிலை கிடைக்காமல் இயந்திரம் பிழியவே மறுக்கும். இரண்டு துண்டுகளைக் கூடப் போட்டால் சரியாகிவிடும்.

நூல் சேலைக்கு ஒரு சொல். ஐந்தரை மீட்டர் துணி, புரளப் புரள மற்றத் துணிகளைச் சுற்றிக் கயிறாகத் திரிந்துவிடும். நான்காக மடித்து வலைப்பைக்குள் போட்டு, மென்துணி ஓட்டத்தில் 30 டிகிரியில் துவையுங்கள். உள்பாவாடையின் நாடாவை முடிந்துவிட்டுப் போடுங்கள். சரிகைப் பட்டு எந்த ஓட்டத்துக்கும் உரியதன்று, கையேட்டில் பட்டின் படம் போட்டிருந்தாலும்.

சலவைத்தூளும் அறைகளும்

இழுப்பறையில் மூன்று அறைகள் இருக்கும். ஒரு கோடு போட்டது முன்சலவைக்கு, இரண்டு கோடு போட்டது முதன்மைச் சலவைக்கு, பூப் போட்டது மென்மையாக்கிக்கு. முன்சலவையைத் தேர்ந்தெடுக்காதபோது ஒரு கோட்டு அறையில் தூளைக் கொட்டினால் அது அப்படியே கிடக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே வீணாகலாம். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இது முதலாவது.

இரண்டாவது தவறு நுரை. கைச்சலவைத் தூளை இந்த இயந்திரத்தில் போடவே கூடாது. துவைகல்லில் நுரை கண்ணுக்கு மகிழ்ச்சி. உருளைக்குள் அது மெத்தையாக நின்று துணி விழும் அடியைத் தாங்கிக்கொள்கிறது, பம்பையும் திணறடிக்கிறது. நுரை அதிகமானதை உணரும் இயந்திரங்கள் தாமாகவே கூடுதலாக ஓர் அலசலைச் சேர்ப்பதால் நேரமும் நீரும் போகும். முன்கதவு இயந்திரத்துக்கு என்று உறையில் அச்சிட்ட தூளையே வாங்குங்கள். நம் தீவு எரிமலைப் பாறையால் ஆனது. மார் ஓ வாக்வா போன்ற மேட்டு நில ஏரிகளில் சேரும் மழைநீரில் சுண்ணாம்பு குறைவு. உறையில் கடின நீருக்கு, மென்னீருக்கு என்று இரண்டு அளவுகள் போட்டிருந்தால் மென்னீருக்கான அளவில் தொடங்கிப் பாருங்கள். ஓட்டம் முடிந்தும் கதவுக் கண்ணாடியில் நுரை ஒட்டியிருந்தால் அடுத்த முறை கால் பங்கு குறைக்கலாம்.

தூளா, திரவமா என்ற கேள்விக்கு என் விடை: இரண்டும் வேண்டும். வெளுக்கும் ஆக்சிஜன் பொருள் பொதுவாகத் தூளில்தான் இருக்கும், திரவத்தில் இருப்பதில்லை. ஆகவே வெள்ளை வேட்டி, துண்டு, படுக்கை விரிப்பு, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஆகியவற்றுக்குத் தூள். அடர்நிறத் துணிகளுக்கும் சேலைக்கும் திரவம். எப்போதும் திரவத்தையே குளிர்நீரில் பயன்படுத்தும் வீடுகளின் இயந்திரத்தில்தான் வாடை சீக்கிரம் பிடிக்கிறது. மென்மையாக்கியைத் துண்டுகளுக்கு ஊற்றாதீர்கள்; இழைகளில் படிந்து, நீரை உறிஞ்சாத துண்டாக்கிவிடும்.

வெப்பம், அதோடு மஞ்சள் கறை

அன்றாடத் துணிக்கு 40 டிகிரி போதும். சலவைத்தூளில் உள்ள நொதிகள் அந்த வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். துண்டு, உள்ளாடை, நோயாளியின் படுக்கை விரிப்பு, கைக்குழந்தையின் துணி ஆகியவற்றுக்கு 60 டிகிரி. படுக்கையில் வாழும் தூசிப் பூச்சிகளும் அந்த வெப்பத்தில் மடிகின்றன. 90 டிகிரியை நான் துணிக்குப் பயன்படுத்துவதே இல்லை. இரத்தம், முட்டை, பால் ஆகிய கறைகளை மட்டும் முதலில் குளிர்நீரில் அலசிவிட்டுப் போட வேண்டும். வெந்நீர் பட்டால் அவை வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

வாழை இலையில் ஏழு கறி பரிமாறும் நம் கோயில் விருந்துகளுக்குப் போய்வந்த எந்தச் சட்டையிலும் மஞ்சள் கறை இருக்கும். சலவைத்தூள் பட்டதும் அது சிவந்து பயமுறுத்தும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் இது: தூளின் காரத்தன்மை மஞ்சளின் நிறப்பொருளைச் சிவப்பாக்குகிறது. நன்றாக அலசினால் மறுபடியும் மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதையக்கூடியது என்பதால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்ப் பசையைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, 40 டிகிரி பருத்தி ஓட்டத்தில் துவைத்து, ஈரத்தோடு கொடியில் கறை வெயிலைப் பார்க்கும்படி விரியுங்கள். ஒரே நாளில் மங்கும், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் மறையும். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

தைப்பூசக் காவடிக்கு இங்கே பலரும் உடுத்தும் அடர் இளஞ்சிவப்புத் துணி சாயம் விடுவதில் பேர்போனது. அந்த ஒரு துணியால் எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு ஆறு வெள்ளைத் துணிகள் இளஞ்சிவப்பாயின. புதுத் துணியின் உள்மடிப்பில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் முதல் சில முறை தனியாக, குளிர்நீரில், குறுகிய ஓட்டத்தில் துவைக்க வேண்டும். உப்பும் வினிகரும் சாயத்தை நிலைப்படுத்தும் என்பது பரவலான நம்பிக்கை; கடையில் வாங்கிய துணியில் அது பலிப்பதில்லை. ஒருவேளை வெள்ளைத் துணியில் சாயம் ஏறிவிட்டால், அது காய்வதற்கு முன்பே ஆக்சிஜன் வெளுப்புள்ள தூளைப் போட்டு மறுபடியும் துவையுங்கள். விரத நாட்களின் துணிகளில் உள்ள திருநீற்றை வெளியே உதறிவிடுங்கள். ஊக்குகளை ஒன்றுவிடாமல் எண்ணி எடுங்கள். பம்பின் வடிகட்டியில் நான் கண்டெடுத்தவற்றில் காசைவிட ஊக்கே அதிகம்.

பிழியும் வேகம்

நிமிடத்துக்கு 1400 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில், உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு நீர் மிஞ்சும். 1000 சுற்றில் 60 விழுக்காடு. கடலோரத்திலும் போர்ட் லூயியிலும் வெயில் அந்த வேறுபாட்டை மதியத்துக்குள் விழுங்கிவிடும் என்பதால் 1000 சுற்றே போதும், துணியும் குறைவாகக் கசங்கும். சுமார் 550 மீட்டர் உயரத்தில் தூறலோடு வாழும் கியூர்பிப் வாசிகளுக்குக் கதை வேறு. ஜூலை மாதத்தில் இரண்டு நாள் உலராத துண்டு நாறத் தொடங்கும். அங்கே பருத்திக்கு 1200, 1400 சுற்றைத் தயங்காமல் வையுங்கள். செயற்கை இழைக்கு 800, கம்பளிக்கும் மெல்லிய சேலைக்கும் 600 என்று நிறுத்திக்கொள்ளலாம்.

முடிந்த துணியை உருளைக்குள் இரவு முழுவதும் விடாதீர்கள். தாமதத் தொடக்க வசதியை, துணி நீங்கள் எழும் நேரத்தில் முடியும்படி கணக்கிட்டு வையுங்கள். சில இயந்திரங்களில் அந்த எண் எத்தனை மணி நேரம் கழித்துத் தொடங்கும் என்பதைக் குறிக்கும், வேறு சிலவற்றில் எத்தனை மணி நேரம் கழித்து முடியும் என்பதைக் குறிக்கும். உங்கள் ஊரில் தண்ணீர் வரும் நேரத்தோடும் அது பொருந்த வேண்டும்.

பராமரிப்பும் புயல் நாளும்

ஒவ்வொரு முறையும் கதவின் ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைத்து, கதவையும் இழுப்பறையையும் சற்றுத் திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கதவைத் திறந்து வைப்பது ஆபத்து என்பதால், சலவை அறையின் கதவைப் பூட்டிவிட வேண்டும். மாதம் ஒரு முறை துணியில்லாமல், ஆக்சிஜன் வெளுப்புள்ள தூளோடு 60 டிகிரிக்குக் குறையாத ஓட்டம் ஒன்றை ஓட்டுங்கள். 90 டிகிரிக்கு என் வீட்டில் இருக்கும் ஒரே வேலை இதுதான். குளோரின் வெளுப்பானையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். முன்புறக் கீழ்மூடிக்குப் பின்னால் உள்ள பம்ப் வடிகட்டியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவலாம். ஒரு தட்டையும் பழந்துணியையும் கீழே வைத்துக்கொண்டு, மெதுவாகத் திருகினால் தரை நனையாது.

புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்புக்கு ஏறியதும் நீண்ட ஓட்டம் எதையும் தொடங்க வேண்டாம். மின்சாரம் நின்றால் நீரும் துணியும் உள்ளே, கதவு பூட்டியபடி மாட்டிக்கொள்ளும். செருகியைக் கழற்றி, நீர்க் குழாயை மூடி, வராந்தாவில் இருக்கும் இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். ஓட்டத்தின் நடுவிலேயே மின்சாரம் போய்விட்டால் கதவை இழுக்காதீர்கள். செருகியைக் கழற்றிவிட்டு, நீர் ஆறும்வரை பொறுத்திருந்து, பம்ப் வடிகட்டிக்குப் பக்கத்தில் உள்ள சிறு குழாயின் அடைப்பை எடுத்து, நீரைத் தட்டில் சிறிது சிறிதாக வடியவிடுங்கள். நீர் முழுதும் வடிந்த பிறகும் கதவு திறக்காவிட்டால் அதே கீழ்மூடிக்குப் பின்னால் ஓர் இழுநாடா இருக்கிறதா என்று பாருங்கள். பல இயந்திரங்களில் அதைக் கீழ்நோக்கி இழுத்தால் பூட்டு விடுபடும்.